ஜன்னல் கண்ணாடியில் எஞ்சி நிற்பது

மேற்குப் பார்த்த ஜன்னலைக் காலையில் கழுவித் துடைத்துவிட்டு நிம்மதியாக இருந்தால், மாலை வெயில் சாய்வாக விழும்போது குட்டு வெளிப்பட்டுவிடும். கண்ணாடி முழுக்க வளைவு வளைவாகக் கோடுகள், ஓரங்களில் வெள்ளைப் பொட்டுகள், நடுவில் புகை படர்ந்ததுபோல ஒரு மங்கல். கழுவாமலே விட்டிருக்கலாமோ என்று தோன்றும். போட்ட மருந்து போதவில்லை, இன்னும் காரமாக ஏதாவது வேண்டும் என்று கடைக்குப் போய் நீலத் திரவம் அடைத்த ஸ்ப்ரே பாட்டில் ஒன்றை வாங்கி வருவோம்.

அந்தக் கோடுகளை உற்றுப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. அவற்றில் பெரும்பாலானவை பழைய அழுக்கே இல்லை. கழுவுகிற சாக்கில் நாமே கொண்டுவந்து பூசியவை: தண்ணீரில் கரைந்திருந்த உப்பு, அலசாமல் விட்ட சோப்பு, துணியிலிருந்து இடம் மாறிய எண்ணெய். ஆகவே எதைப் போட்டுத் தேய்ப்பது என்று கேட்பதற்கு முன்னால், தேய்த்து முடித்தபின் எது கண்ணாடியிலேயே தங்கிவிடும் என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் சமையலறையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைப்பவையே ஜன்னலுக்குத் தாராளமாகப் போதும். ஏன் போதும் என்பதில் நல்ல வேதியியலும், கொஞ்சம் நெகிழ வைக்கும் வரலாறும் இருக்கின்றன.

முதலில் தண்ணீர். நம் வீடுகளில் ஜன்னல் கழுவ வருவது பெரும்பாலும் போர் தண்ணீர்தான். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500, கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடங்களில் 2000 வரை அனுமதிக்கிறது. லிட்டருக்கு 1000 மில்லிகிராம் உள்ள தண்ணீரை எடுத்துக்கொள்வோம். கண்ணாடியில் நிற்கும் ஒரு துளி ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர், அதில் 0.05 மில்லிகிராம் உப்பு இருக்கும். தண்ணீர் ஆவியாகிவிடும். உப்புக்குப் போக இடமில்லை.

இந்த அளவு உப்பு கண்ணாடி முழுவதும் சீராகப் பரவிக் காய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. அது சீராகக் காய்வதில்லை என்பதுதான் சிக்கல். ஒரு துளி காயும்போது அதன் விளிம்பில் ஆவியாதல் வேகமாக நடக்கிறது. விளிம்போ இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே குறைந்த நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓடிவருகிறது, வரும்போது தன்னிடமுள்ளதையும் இழுத்து வருகிறது. சிந்திய காபி காய்ந்தால் வட்டத்தின் ஓரம் மட்டும் கறுத்திருப்பது இதனால்தான். அன்றாடம் எல்லாரும் பார்க்கிற இந்த விஷயத்துக்கு முறையான விளக்கம் 1997இல்தான் வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் டீகனும் சக ஆய்வாளர்களும் அதை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். ஜன்னலில் தெரியும் வெள்ளை வளையங்களுக்கும் அதுவே பெரும்பாலும் காரணம்.

இதோடு இன்னொரு வினையும் நடக்கிறது. பூமிக்குள் ஊறும் மழைநீர் மண்ணிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்றுக்கொண்டு, சுண்ணாம்புப் பாறைகளைக் கரைத்து, கால்சியம் பைகார்பனேட்டாகச் சுமந்து வருகிறது. கண்ணாடியில் காயும்போது அந்த வாயு பிரிந்து போகிறது. மிஞ்சுவது கால்சியம் கார்பனேட். அது தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லுமளவுக்குக் கரைதிறன் குறைந்தது. வாட்டர் ஹீட்டர் சுருளில் ஓடு கட்டுவதும் குளியலறைக் குழாயில் வெள்ளை படிவதும் இதனால்தான். எந்தத் தண்ணீரால் அந்தக் கறை வந்ததோ அதே தண்ணீரை எத்தனை முறை ஊற்றினாலும் அது போகாது, கூடும்.

ஆகவே மலிவான, சூழலுக்கு உகந்த ஜன்னல் திரவங்களில் முதலிடம் நான் கொடுப்பது ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த தகடுகளில் படிந்து வடிவதால் அது ஏறத்தாழ காய்ச்சி வடித்த நீர். கரைந்த உப்பு மிகக் குறைவு. புழுக்கமான இரவில் ஒரு ஏ.சி. சில லிட்டர் தண்ணீரைச் சாதாரணமாக வடிக்கும். அதைக் குடிக்கக் கூடாது. தகட்டிலுள்ள தூசியும் கிருமியும் உலோகத் துகளும் அதில் சேர்ந்திருக்கும். கண்ணாடிக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு மெல்லிய துணியில் வடிகட்டி வைத்துக்கொண்டால் போதும். ஏ.சி. இல்லாத வீட்டில் மழைநீர்: முதல் மழையை விட்டுவிட்டு, மொட்டைமாடியைக் கழுவிப் போனபின் பிடிப்பது. ஆனால் ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை, வீணாகிறதே என்று ஜன்னலுக்குப் பயன்படுத்த வேண்டாம். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது. அதைத் தரை துடைக்கவோ கழிப்பறைக்கோ வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் சரியானபின் அழுக்குக்கு வருவோம். நம் ஊர் ஜன்னலில் படியும் அழுக்கு ஒரே வகை அல்ல. தெருப் புழுதி இருக்கிறது, வண்டிப் புகையின் கரி இருக்கிறது, சமையல் எண்ணெய் ஆவி இருக்கிறது, கடலோர ஊர்களில் உப்புக்காற்று இருக்கிறது. கடைசியாகச் சொன்னது மற்றவற்றுக்கும் பசையாகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதனால் சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஊர்களில் கடலோரத்து ஜன்னல் விடியற்காலையில் மெலிதாக நனைந்தே இருக்கும். பறந்து வரும் புழுதியை அந்த ஈரம் பிடித்து வைத்துக்கொள்ளும். வெயில் ஏறியதும் எல்லாம் சேர்ந்து இறுகும். கடலோரத்தில் இருப்பவர்கள் எந்தக் கரைசலையும் தொடுவதற்கு முன் வெறும் தண்ணீரால் ஒருமுறை அலசிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். உப்பு கரைய வேறெதுவும் தேவையில்லை.

புழுதிக்கும் முதலில் தண்ணீர்தான், காரணம் மட்டும் வேறு. தெருப் புழுதியில் மணல் துகள், அதாவது குவார்ட்ஸ் இருக்கும். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோ அளவுகோலில் குவார்ட்ஸ் 7. ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய 5.5. காய்ந்த துணியை எடுத்து அழுத்தித் துடைத்தால் நாம் கண்ணாடியை மணல்தாளால் தேய்க்கிறோம் என்று பொருள். கீறல்கள் நுண்ணியவை என்பதால் உடனே தெரியாது. ஆண்டுகள் போகப் போகக் கண்ணாடி ஒளி மங்கிவிடும். முதலில் மென்மையான பிரஷ்ஷால் தட்டி, பிறகு நனைத்து, பிறகுதான் தேய்க்க வேண்டும்.

இங்கே நம் வீட்டுச் சாம்பல் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரிக்கேன் விளக்கின் சிம்னியை விறகுச் சாம்பல் தொட்டுத் துடைத்து, பழைய பேப்பரால் மினுக்கியவர்கள் நம் முந்தைய தலைமுறையினர். அது தேர்ந்த வேலை. விறகுச் சாம்பலில் பெருமளவு கால்சியம் கார்பனேட்டும், ஓரளவு பொட்டாசியம் கார்பனேட்டும் இருக்கும். முன்னது கண்ணாடியைவிட மிருதுவானது, கடினம் 3தான். பின்னது காரமாக இருந்து மண்ணெண்ணெய்ப் பிசுக்கை அறுக்கும். ஆனால் நன்றாகச் சலித்த சாம்பலுக்குத்தான் இது பொருந்தும். நெல் உமிச் சாம்பலுக்குப் பொருந்தவே பொருந்தாது. அதில் பெரும்பகுதி சிலிக்கா. பாத்திரம் துலக்க நன்றாக இருக்கலாம், கண்ணாடி அருகே கொண்டுவரக் கூடாது.

இனி எண்ணெய்ப் படலம். சுத்தமான கண்ணாடியின் மேற்பரப்பில் சிலிக்கான் அணுக்களோடு ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த தொகுதிகள் வரிசையாக நிற்கின்றன. அவை தண்ணீரை விரும்பி ஈர்க்கும். அதனால் சுத்தமான கண்ணாடியில் நீர் படலமாகப் பரவி ஓடும். எண்ணெய் தடவியிருந்தால் அதே நீர் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். ஜன்னல் சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை. கொஞ்சம் தண்ணீரைத் தெளித்தாலே தெரிந்துவிடும். மூச்சை ஊதியும் பார்க்கலாம்: எண்ணெய் உள்ள இடத்தில் மூச்சின் ஈரம் நுண் திவலைகளாக நின்று வெண்மையாகத் தெரியும், சுத்தமான இடத்தில் படலமாகப் பரவி ஒளிபுகத் தெளிவாக இருக்கும். வெயிலில் சுட்டுக் கிடக்கும் கண்ணாடியில் மூச்சு படியாது, விடிகாலையிலோ ஏ.சி. அறையிலோ செய்ய வேண்டும். கண்ணாடியில் படியும் இந்த மூச்சுக் கோலங்களைப் பற்றி ரேலி பிரபு 1911இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். ஆர்கான் வாயுவைக் கண்டறிந்ததற்காக 1904இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர் அவர்.

அதே ரேலி பிரபுவுக்கு 1891 ஜனவரியில் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஆக்னஸ் பாக்கெல்ஸ், வயது 28. பெண்களைப் பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்ளாத காலம். நோயாளிகளான பெற்றோரைக் கவனித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தவர். தம்பி ஃபிரீட்ரிஹ் இயற்பியல் படித்தார்; அவர் கொண்டுவந்து தந்த புத்தகங்களே இவருடைய கல்லூரி. அவர் ஆராய்ந்தது தண்ணீரின் மேற்பரப்பை. எண்ணெயோ வேறு மாசோ துளியளவு பட்டால் அதன் இழுவிசை எப்படிக் குறைகிறது என்பதை, ஒரு தகரத் தொட்டி, நீரின் குறுக்கே நகர்த்தும் ஒரு தகரப் பட்டை, மேற்பரப்பைத் தொட்டுத் தூக்கும் ஒரு சின்னத் தட்டு ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே அளந்திருந்தார். தன் அளவீடுகளை யாரும் பொருட்படுத்தவில்லை என்பதால் ரேலிக்கு எழுதினார். ரேலியின் மனைவி அந்தக் கடிதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, ரேலி பரிந்துரையோடு அனுப்ப, 1891 மார்ச் 12 ‘நேச்சர்’ இதழில் அது வெளிவந்தது. பரப்பு இழுவிசை என்ற துறைக்கு அஸ்திவாரக் கற்களில் ஒன்றை வீட்டில் இருந்தபடி நட்ட அந்தப் பெண்ணின் பெயர் நம் பாடப்புத்தகங்களிலும் இருக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

ஜன்னலுக்கு அவர் ஆய்வு எப்படிப் பொருந்துகிறது? 25 டிகிரி வெப்பத்தில் தூய நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். இந்த இறுக்கம் இருக்கும்வரை நீர் எண்ணெயின் மேல் பரவாது, அதன் அடியிலும் நுழையாது. ஒரு முனை நீரையும் மறு முனை எண்ணெயையும் விரும்பும் மூலக்கூறு ஒன்றைக் கலந்தால் இழுவிசை ஏறக்குறைய பாதியாகக் குறையும். சோப்பு அப்படிப்பட்டது. பாத்திரம் துலக்கும் திரவம் அப்படிப்பட்டது. நம் பூந்திக்கொட்டையும் அப்படிப்பட்டதுதான்.

சோப்பை முதலில் விலக்கிவிடலாம். சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. கடினநீரில் கால்சியம் வந்து சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். கால்சியம் ஸ்டீரேட் என்ற கரையாத மெழுகு உண்டாகும். துடைத்தபின் கண்ணாடியில் தெரியும் வழுவழுப்பான மங்கல் இதுதான். இந்த மெழுகின் நெருங்கிய உறவுப் பொருள் ஒன்று கண்ணாடியின் வரலாற்றிலேயே புகழ்பெற்றது. பாக்கெல்ஸின் தொட்டியை மேம்படுத்தி, ஒற்றை மூலக்கூறு அளவு மெல்லிய படலங்களை ஆராய்ந்த இர்விங் லாங்மூர் 1932இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் அவரோடு பணியாற்றியவர் கேத்தரின் பிளாட்ஜெட். கேம்பிரிட்ஜில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். நீரின் மேல் மிதக்கும் பேரியம் ஸ்டீரேட் படலத்தில் கண்ணாடியை முக்கி முக்கி எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக 44 அடுக்குகள் ஏற்றினார். மொத்தத் தடிமன் ஒரு மைக்ரோமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பக்கமும் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அவருடைய படலத்தின் மேற்புறத்திலிருந்தும் அடிப்புறத்திலிருந்தும் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, பிரதிபலிப்பே இல்லாத கண்ணாடி 1938இல் பிறந்தது. சோப்பு மெழுகு ஒரே சீராகப் படிந்தால் கண்ணாடி கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறது. நம் துணி இழுத்த இழுப்புக்குத் தாறுமாறாகப் படிந்தால் கோடு கோடாகத் தெரிகிறது. அந்தப் படலம் கைபட்டாலே அழிந்துபோகும் அளவு மிருதுவாக இருந்தது, அதனால் கடைகளுக்கு வரவில்லை. நம் ஜன்னல் மெழுகும் மிருதுவானதுதான். வினிகர் பட்டால் விட்டுவிடும்.

பூந்திக்கொட்டைக்கு இந்தத் தொல்லை கிடையாது. சில ஊர்களில் பூவந்திக்கொட்டை என்பார்கள். பட்டுச்சேலை அலசவும் தங்க நகை கழுவவும் இன்றும் பயன்படுகிறது. எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். அதன் சதையிலுள்ள சப்போனின்களுக்கு ஒரு பக்கம் சர்க்கரைத் தொகுதி, மறுபக்கம் எண்ணெயை விரும்பும் கார்பன் கூடு. சோப்பின் தலையில் இருப்பதுபோல் இங்கே மின்னூட்டம் இல்லை என்பதால் கால்சியத்தால் பிடிக்க முடியாது. உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும், மெழுகு கட்டாது. ஐந்தாறு கொட்டைகளின் விதையை நீக்கி, ஒரு டம்ளர் வெந்நீரில் இரவு ஊறவைத்து, காலையில் கசக்கித் துணியில் வடிகட்டினால் தேன் நிறத்தில் ஒரு கரைசல் கிடைக்கும். ஒரு லிட்டர் ஏ.சி. தண்ணீருக்கு அதில் இரண்டு மேசைக்கரண்டி. கூடப் போட்டால் பலன் கூடாது. பழுப்புப் பிசுபிசுப்புத்தான் மிஞ்சும். இரண்டு மூன்று நாளில் புளித்து வாடை வந்துவிடும் என்பதால் அவ்வப்போது ஊறவைப்பதே நல்லது.

இதுவும் கவனமாகக் கையாள வேண்டிய பொருளே. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். சப்போனின் மீன்களுக்கு நஞ்சு. மிஞ்சியதைக் குளத்திலோ மீன் தொட்டியருகிலோ கொட்டக் கூடாது. செடியிலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்று எல்லா உயிருக்கும் நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது. பூந்திக்கொட்டை கிடைக்காதவர்கள் பாத்திரம் துலக்கும் திரவத்தில் சில துளிகளை ஒரு லிட்டருக்குக் கலந்தால் போதும். அது செயற்கைச் சலவைப்பொருள் என்பதால் கடினநீரில் சோப்பைப் போல் திரியாது. பல மாடிக் கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைப்பவர்களின் வாளியிலும் பெரும்பாலும் இப்படி ஏதாவது ஒரு நீர்த்த கரைசல்தான் இருக்கும்.

உப்புக்கறைக்கு இவை எதுவும் உதவாது. அதற்கு அமிலம் வேண்டும். கடையில் விற்கும் வெள்ளை வினிகரில் 4 முதல் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கிறது. கால்சியம் கார்பனேட்டில் பட்டதும் அது கால்சியம் அசிட்டேட்டாக மாறித் தண்ணீரில் கரைந்துவிடுகிறது. கூடவே கார்பன் டை ஆக்சைடு குமிழிடுகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெள்ளைப் பொட்டின் விளிம்பில் பொடிப்பொடியாகக் குமிழ்கள் எழுவதைக் காணலாம். பிறகு பொட்டு உள்நோக்கிச் சுருங்கும். கெட்டியாகப் படிந்திருந்தால் வினிகரில் நனைத்த துணியைக் கண்ணாடியில் ஒட்டிப் பத்து நிமிடம் விட வேண்டும். வழக்கமான துடைப்புக்கு ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர். வினிகரின் பெரிய நன்மை, வேலை முடிந்ததும் அமிலமும் தண்ணீரோடு ஆவியாகிவிடும். எதையும் விட்டுச் செல்லாது. எலுமிச்சைக்கு அந்தக் குணம் இல்லை. சிட்ரிக் அமிலம் ஒரு திண்மப் பொருள், சாற்றில் சர்க்கரையும் சதையும் வேறு. குளியலறைக் குழாயைப் பாதி எலுமிச்சையால் தேய்த்து நன்றாக அலசலாம். ஜன்னலுக்கு வினிகரே மேல், அதிலும் நிறமில்லாதது. பழ வினிகர் பிசுக்கு வைக்கும்.

வினிகரை எங்கே தெளிக்கக் கூடாது என்பதும் முக்கியம். நம் வீடுகளில் ஜன்னல் அடியில் கடப்பா கல் பதித்திருப்பது உண்டு. கடப்பா கல் சுண்ணாம்புப் பாறை. ஜன்னல் கறைக்கு நேர்ந்த அதே வினை அந்தக் கல்லுக்கும் நேரும். மினுமினுப்பான கறுப்பில் சாம்பல் நிறத் தழும்பு விழுந்தால் பாலிஷ் போட்டாலொழிய போகாது. பளிங்கும் மொசைக்கும் அப்படியே. துணியில் ஊற்றித் துடைக்க வேண்டும், அடியில் ஒரு காய்ந்த துண்டை மடித்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

வினிகரோடு ஆப்ப சோடாவைக் கலந்தால் பொங்கும். அந்தப் பொங்கல்தான் அழுக்கை அடித்துச் செல்கிறது என்று பலர் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 சதவீத வினிகர் 100 மில்லிலிட்டரில் 5 கிராம் அமிலம். அதை முழுவதும் முறிக்க 7 கிராம் ஆப்ப சோடா போதும். பொங்கி அடங்கியபின் கிண்ணத்தில் இருப்பது அமிலமும் இல்லை, காரமும் இல்லை. ஏறக்குறைய 7 கிராம் சோடியம் அசிட்டேட் கரைந்த உப்புத் தண்ணீர். லிட்டருக்குக் கணக்கிட்டால் 70 கிராம் ஆகிறது. நாம் ஒதுக்கிய போர் தண்ணீரைவிடப் பல மடங்கு உப்பு! இரண்டும் தனித்தனியே நல்ல பொருள்கள். சேர்த்தால் ஒன்றையொன்று தின்றுவிட்டுக் கோடு வைக்கும்.

சமையலறை ஜன்னலில் ஒரு காரத்தையும் வினிகரையும் கலக்காமல் அடுத்தடுத்துப் பயன்படுத்தலாம். தாளிக்கும்போது பறக்கும் எண்ணெய்த் திவலைகள் கண்ணாடியில் ஒட்டிச் சில வாரங்களில் மஞ்சள் வார்னிஷாக இறுகிவிடும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றின் கொழுப்பு அமிலங்களில் பெரும்பாலானவை நிறைவுறாதவை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து ஒன்றோடொன்று கைகோத்து வலையாகிவிடும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த ஓவிய வண்ணம் உலர்வதும் இப்படித்தான். தேங்காய் எண்ணெயில் 90 சதவீதம் போல நிறைவுற்ற கொழுப்பு என்பதால் அது இவ்வளவு இறுகாது, பிசுக்காகவே இருக்கும். இறுகிய படலத்தைப் பூந்திக்கொட்டையால் அசைக்க முடியாது. ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா கலந்து, துணியில் நனைத்துச் சில நிமிடம் ஒட்டிவைத்தால் காரம் வலையை அறுத்து எண்ணெயைச் சோப்பாக்கத் தொடங்கும். கையுறை அவசியம். அலுமினியச் சட்டத்தில் பட விடக் கூடாது. காரம் அலுமினியத்தை அரிக்கும். பிறகு நன்றாக அலசிவிட்டு, கடைசியில் வினிகர்த் தண்ணீரால் ஒரு துடைப்பு.

உயிருக்கு ஆபத்தான கலவை ஒன்று உண்டு. பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ இருக்கும் இடத்துக்கு வினிகரைக் கொண்டுபோகக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915இல் பெல்ஜியத்தின் ஈப்ரே போர்முனையில் படைவீரர்கள்மேல் ஏவப்பட்ட அதே வாயு. அம்மோனியா கலந்த திரவத்தோடு பிளீச் சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சு வாயு. கதவு சாத்திய குளியலறையில் கொஞ்சமே போதும், நுரையீரல் வெந்துவிடும். வீட்டில் தயாரித்த கரைசல்களைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றிவைக்காமல், பெயர் எழுதி ஒட்டிய தனிப் பாட்டிலில், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

எந்தக் கரைசலானாலும் கண்ணாடியிலிருந்து அதை எடுக்கும் விதத்தில்தான் கடைசி வெற்றி. உப்பும் அழுக்கும் தண்ணீரில் கரைந்து மிதக்கிற வரை அவற்றைத் தண்ணீரோடு சேர்த்து இழுத்துவிடலாம். ஆவியாக விட்டால் அவை கண்ணாடிக்குச் சொந்தம். ரப்பர் வைப்பரின் பலம் இதுதான். இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறி, கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் ஜன்னல் துடைத்துப் பிழைத்த எட்டோரே ஸ்டெக்கோனே 1936இல் கனமான பழைய வைப்பருக்கு மாற்றாக ஒற்றை ரப்பர் விளிம்பு பொருத்திய இலேசான பித்தளை வைப்பரைச் செய்தார். இன்று உலகம் முழுக்க இருப்பது அதன் வாரிசுகளே. மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு, ஒவ்வொரு இழுப்புக்கும் விளிம்பைத் துடைத்துக்கொள்வது, அடுத்த இழுப்பு முந்தையதன்மேல் இரண்டு விரல் ஏறி வருவது. வெயில் படும் நேரத்தில் செய்தால் இழுப்பதற்குள் காய்ந்துவிடும் என்பதால் நிழல் விழும் பொழுதே ஏற்றது.

கிரில் கம்பி இடிக்கும் பக்கத்தில் வைப்பர் போகாது, அங்கே துணிதான். பலமுறை துவைத்து நைந்த பருத்தி வேட்டிக்கு இணை இல்லை. உதிரவேண்டிய பஞ்செல்லாம் எப்போதோ உதிர்ந்திருக்கும். கஞ்சி போட்டதும், வாசனைக் கண்டிஷனரில் அலசியதும் கூடாது. இரண்டும் கண்ணாடியில் படலம் விடும். மைக்ரோஃபைபர் துணி எண்ணெயை நன்றாகவே பிடிக்கும், ஆனால் அது பிளாஸ்டிக் இழை. ஒவ்வொரு துவைப்பிலும் நுண் இழைகள் சாக்கடைக்குப் போகும். பழைய செய்தித்தாள் கடைசி மினுக்கலுக்கு இன்றும் உதவும். பஞ்சு விடாது, ஈரத்தை உறிஞ்சும். வெள்ளைப் பெயின்ட் அடித்த சட்டத்தில் மட்டும் மையை இழுத்துவிடும். உட்பக்கத்தைக் குறுக்காகவும் வெளிப்பக்கத்தை நெடுக்காகவும் துடைத்தால், கோடு விழுந்தபின் அது எந்தப் பக்கம் என்று தேட வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்தபின்னும் போகாத ஒரு மங்கல் உண்டு. அது பெரும்பாலும் புதிதாகக் கட்டிய அல்லது வெள்ளையடித்த வீடுகளில் தெரியும். சிமென்ட் கரைந்து வழியும் நீரும் சுண்ணாம்பு நீரும் கடுமையான காரம்; அவற்றின் பி.எச். 12ஐத் தாண்டும். கண்ணாடியின் சிலிக்கா வலையையே அந்தக் காரம் அரித்துவிடுகிறது. மழையில் நனைந்த சுவரிலிருந்து வழிந்த இடங்களில் நீள நீளமாகத் தாரை விழுந்திருக்கும். வினிகர்த் துணியைப் பத்து நிமிடம் ஒட்டிப் பாருங்கள். குமிழிட்டுக் குறைந்தால் உப்புக்கறை; இன்னும் இரண்டு முறை செய்தால் போய்விடும். குமிழும் இல்லை, குறையவும் இல்லை, ஈரமாக இருக்கையில் மறைந்து காய்ந்ததும் திரும்ப வருகிறது என்றால் கண்ணாடியே குழிந்திருக்கிறது. அங்கே வீட்டுக் கரைசல் எதுவும் பலிக்காது. சீரியம் ஆக்சைடு பசையால் தேய்த்து மெருகேற்றும் கண்ணாடிக் கடைக்காரரைத்தான் கூப்பிட வேண்டும். வீட்டில் பூச்சு வேலையோ வெள்ளையடிப்போ நடக்கப் போகிறதென்றால் ஆள் வருவதற்கு முந்தின நாளே ஜன்னல்களைப் பிளாஸ்டிக் தாளால் மூடி டேப் ஒட்டிவிடுங்கள். அதையும் மீறித் தெறித்தால் அன்று மாலைக்குள் நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். அந்த அவசரத்துக்கு எந்தத் தண்ணீரானாலும் சரி, உப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.